கடலில் போய் முடியும் சாலை

2019 செப்டம்பர் 8ஆம் தேதி, இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் கென்யாவின் பிரிஜிட் கோஸ்கே அரை மராத்தானை 1 மணி 4 நிமிடம் 28 விநாடியில் ஓடி முடித்தார். அன்றுவரை உலகில் எந்தப் பெண்ணும் அந்தத் தூரத்தை அவ்வளவு விரைவாகக் கடந்ததில்லை. அப்போதிருந்த உலக சாதனையைவிட 23 விநாடி குறைவு. ஆனாலும் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. 2003ல் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் இதே இடத்தில் 1 மணி 5 நிமிடம் 40 விநாடியில் வந்து சேர்ந்தபோதும் இதுதான் நடந்தது. ஓடியவர்களிடம் குறையில்லை, கடிகாரத்திலும் பிழையில்லை. அவர்கள் ஓடிவந்த சாலைதான் காரணம்.

சாலைப் பந்தயங்களுக்கு ஒரு விதி உண்டு. தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இடையே உள்ள நேர்த்தூரம், பந்தயத் தூரத்தில் பாதியைத் தாண்டினால் அங்கே ஓடும் நேரம் சாதனையாகாது. முதுகுக்குப் பின்னால் காற்று தள்ளிக்கொண்டே வந்தால் யாருக்குத்தான் வேகம் வராது? வளைந்து திரும்பி, கிளம்பிய இடத்துக்கு அருகே முடிகிற பாதைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கிரேட் நார்த் ரன் என்னும் இந்த ஓட்டமோ நியூகாசில் நகரத்தில் கிளம்பி, திரும்பிப் பார்க்காமல் கிழக்கே போய் வடகடலின் ஓரத்தில் நிற்கிறது. பாதையைக் கொஞ்சம் வளைத்திருந்தால் உலக சாதனைகள் இந்த ஊரின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, சாதனைக்காக யாரும் அப்படி வளைக்கத் துணியவில்லை. வளைத்தால் கடல் போய்விடும். கடல் இல்லையென்றால், பின்னால் வருகிற பல்லாயிரம் சாமானியர்களுக்கு இந்த ஓட்டத்தில் என்ன இருக்கிறது?

அந்தப் பல்லாயிரம் பேர் சாலைக்கு வந்த கதை நியூகாசிலின் டைன் நதிக்கரையில் தொடங்கவில்லை. உலகத்தின் மறுகோடியில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஒரு செருப்புத் தொழிற்சாலையில் தொடங்குகிறது.

ஆர்தர் லிடியார்ட் 1917ல் பிறந்தவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், வருமானம் போதாமல் பால் விநியோகமும் பார்த்தவர். ரக்பி ஆடுகிற உடம்பு என்பதால் தனக்குத் தெம்பு நிறைய உண்டு என்று நம்பியிருந்தார். தன்னைவிட மூத்த ஒருவரோடு ஐந்து மைல் ஓடிப் பார்த்த நாளில் நெஞ்சு அடைத்து, கால் துவண்டு, அந்த நம்பிக்கை போயிற்று. இருபது வயதுகளில் இப்படியென்றால் நாற்பத்தேழில் எப்படி இருப்போம் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. பல ஆண்டுகள் தன் உடம்பிலேயே சோதனை செய்து பார்த்தார். எவ்வளவு தூரம், எவ்வளவு மெதுவாக, வாரத்துக்கு எத்தனை மைல் என்று அவரே ஓடிக் கண்டுபிடித்த கணக்கைத் தன் அக்கம்பக்கத்துப் பையன்களுக்குக் கொடுத்தார். 1960ல் ரோம் ஒலிம்பிக்கில் அந்தப் பையன்களில் இருவர், பீட்டர் ஸ்னெல்லும் முர்ரே ஹால்பெர்க்கும், ஒரே பிற்பகலில் ஒரு மணி நேர இடைவெளிக்குள் 800 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். மூன்றாமவர் பாரி மகீ மராத்தானில் வெண்கலம் வாங்கினார்.

விளையாட்டு உலகம் லிடியார்டை நினைப்பது அந்தப் பதக்கங்களுக்காக. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் அதற்கு அடுத்தது என்றே சொல்ல வேண்டும். தொப்பை விழுந்த வியாபாரிகளையும், மாரடைப்பு வந்து தப்பியவர்களையும் அவர் ஓட அழைத்தார். இதயம் பழுதானவர்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று மருத்துவம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. லிடியார்ட் அவர்களை மெல்ல ஓடச் சொன்னார். பேச்சு வருகிறதா என்பதுதான் அளவுகோல். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ள வேண்டும். 1962ல் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் பிறந்தது. நாற்பதும் ஐம்பதும் கடந்தவர்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பொதுச் சாலையில், யாரையும் முந்தும் எண்ணம் இல்லாமல் ஓடுவது அதற்கு முன்பு பெரும்பாலான ஊர்களில் காணாத காட்சி.

அந்த ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன் லிடியார்டைப் பார்க்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு அவரும் ஓடினார். ஐம்பது வயதுக்காரரான அந்தப் பயிற்சியாளரால் ஈடுகொடுக்க முடியவில்லை. மாரடைப்பு கண்டு பிழைத்த, எழுபதைத் தாண்டிய ஒரு கிழவர் வேகத்தைக் குறைத்து, அவருக்குத் துணையாகப் பேசிக்கொண்டே வந்தார். ஊர் திரும்பிய பவர்மேன் ஓரிகானில் மெதுவோட்டத்தைப் பரப்பினார். 1967ல் ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார், அது பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அவருடைய பழைய மாணவர் பில் நைட்டோடு அவர் தொடங்கிய காலணி வியாபாரம்தான் பிறகு நைக்கி ஆயிற்று. அமெரிக்காவின் ஓட்ட மோகம், 1970ல் 127 பேரோடு சென்ட்ரல் பார்க்கில் தொடங்கிய நியூயார்க் மராத்தான் எல்லாம் இந்தக் கிளையில் காய்த்தவை. அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

ஆக்லாந்தில் அந்த ஜாகர்கள் கடற்கரைச் சாலையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். துறைமுகத்தை ஒட்டிய நகர மையத்திலிருந்து டமாகி டிரைவ் வழியாக ஒகாஹு பே, மிஷன் பே, கோஹிமராமா என்று ஒவ்வொரு குடாவாகத் தாண்டி செயின்ட் ஹீலியர்ஸ் வரை ஒரு பொது ஓட்டம். 1972ல் தொடங்கிய அதற்கு ரவுண்ட் த பேஸ் என்று பெயர். சில ஆண்டுகளுக்குள் அதில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு. இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர், முடிகிற இடத்தில் மணல்.

1979ல் அந்தக் கூட்டத்துக்குள் ஓர் ஆங்கிலேயர் ஓடினார். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் பயிற்சி எடுக்க நியூசிலாந்து வந்திருந்த பிரெண்டன் ஃபாஸ்டர்.

ஃபாஸ்டர் பிறந்தது டைன் நதியின் தென்கரையில், ஹெப்பர்ன் என்னும் கப்பல் கட்டும் ஊரில். அங்கேயே பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர், பிறகு பக்கத்து கேட்ஸ்ஹெட் நகராட்சியில் விளையாட்டுத் துறை அலுவலர். நகராட்சி செயற்கைத் தடம் போட்டுக் கொடுத்தால் அதில் உலக சாதனை செய்து காட்டுவதாக அவர் வாக்குக் கொடுத்ததும், 1974 ஆகஸ்ட் 3 அன்று சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் 3,000 மீட்டரை 7 நிமிடம் 35.2 விநாடியில் ஓடி அந்த வாக்கைக் காப்பாற்றியதும் அந்தப் பகுதியில் இன்றும் சொல்லப்படுகிற கதை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தடகளத்தில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அவருடைய 10,000 மீட்டர் வெண்கலம். இப்படிப்பட்டவர் ஆக்லாந்தில் பாட்டிகளும் பிள்ளைகளும் ஓடுவதைப் பார்த்து, நம் ஊரிலும் இது வேண்டும் என்று நினைத்தார். நம் ஊரிலும் ஒரு கடல் இருக்கிறதே!

அந்த ஊருக்கு ஓட்டம் புதிதல்ல. 1860களில் பணம் கட்டி ஓடும் பந்தயங்கள் பிரிட்டன் முழுக்கக் கூட்டம் கூட்டியபோது, ‘கேட்ஸ்ஹெட் கிளிப்பர்’ என்று பெயர் வாங்கிய ஜாக் வைட் நெடுந்தூர ஓட்டத்தின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். அதே பத்தாண்டில் லண்டன் கனவான்கள் அமெச்சூர் தடகளத்துக்கு விதி எழுதினார்கள். கைவினைஞர், தொழிலாளி, கூலிக்காரர் யாரும் அமெச்சூர் ஆக முடியாது என்பது அதில் ஒரு வரி. உடலுழைப்பால் வாழ்கிறவன் பொழுதுபோக்குக்காக ஓடுகிறவனோடு போட்டியிடுவது நியாயமில்லை என்று வாதம். காசுக்கு ஓடினால் இழிவு, காசில்லாமல் ஓடவும் அனுமதி இல்லை. டைன் கரையின் சுரங்கத் தொழிலாளிக்கும் கப்பல் பட்டறைக்காரனுக்கும் அந்த ஒரு வரி என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்தால் இன்றும் கோபம் வருகிறது. 1880ல் ஆக்ஸ்ஃபோர்டில் அமெச்சூர் தடகளச் சங்கம் உருவானபோதுதான் அந்த வரி நீங்கியது. அதற்குப் பிறகு வடகிழக்கில் ஹாரியர்ஸ் என்ற பெயரோடு தொழிலாளர் ஓட்டக் குழுக்கள் முளைத்தன. கேட்ஸ்ஹெட் ஹாரியர்ஸ் 1904ல் வந்தது. மோர்பெத் ஊரிலிருந்து நியூகாசில் வரை புத்தாண்டு அன்று நடந்த சாலை ஓட்டமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்ததுதான், அதன் தூரமும் ஏறக்குறைய அரை மராத்தான்.

ஆனாலும் அவையெல்லாம் ஓட்டக்காரர்களின் உலகம். கிளப் பனியன் போடாதவர்களுக்கு அங்கே இடமில்லை. பெண்களுக்கு இன்னும் மோசம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடிய மிக நீண்ட பந்தயமே 800 மீட்டர்தான். பாஸ்டன் மராத்தான் 1972ல்தான் பெண்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது, ஒலிம்பிக் மராத்தானுக்கு அவர்கள் 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஃபாஸ்டரும் ஜான் கெய்ன், மேக்ஸ் கோல்பி போன்ற நண்பர்களும் சேர்ந்து தேதி குறித்தார்கள். 1981 ஜூன் 28. நியூகாசில் நகரிலிருந்து சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரை வரை 13 மைலும் சொச்சமும். பந்தயம் என்பதைவிட உள்ளூர் கேளிக்கை ஓட்டம் என்றுதான் விளம்பரம் போயிற்று. அந்த மார்ச்சில்தான் லண்டன் தன் முதல் மராத்தானை நடத்தியிருந்தது. நாட்டில் எங்கும் ஓட்டம் பற்றிய பேச்சு. சில ஆயிரம் பேர் வந்தால் போதும் என்று இருந்த இடத்தில் சுமார் 12,000 பேர் வந்து நின்றார்கள்.

அந்த ஆண்டு வடகிழக்குக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணிக்கையின் கனம் புரியும். முந்தைய செப்டம்பரில் கான்செட் எஃகு ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். கப்பல் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன. இந்த ஓட்டப் பாதைக்குப் பக்கத்திலேயே ஜாரோ இருக்கிறது. பால்மர்ஸ் கப்பல் தளம் மூடப்பட்டதும் ஊரே வேலையிழந்த ஜாரோ. 1936 அக்டோபரில் அங்கிருந்து 200 ஆண்கள் மனுவை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 300 மைல் தூரம் லண்டனுக்கு நடந்தே போனார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சனும் வழியில் அவர்களோடு நடந்தார். போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்தப் பேரணியில் நடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 45 ஆண்டுகளுக்குப் பிறகு அதே மண்ணில் சாலையை நிறைத்தார்கள். இந்த முறை யாரிடமும் மனு கொடுக்கப் போகவில்லை. தங்கள் கடலுக்குப் போனார்கள்.

முதல் ஓட்டத்தை எல்ஸ்விக் ஹாரியர்ஸ் குழுவின் உள்ளூர்க்காரர் மைக் மெக்லியட் 1 மணி 3 நிமிடம் 23 விநாடியில் வென்றார். 1984 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் வெள்ளி அவருக்குத்தான். பெண்களில் முதலாவது கேரன் கோல்ட்ஹாக். பெண்களுக்கென்று தனி விவாதம் எதுவும் இங்கே நடக்கவில்லை, முதல் நாளிலிருந்தே அவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள். அப்போது இங்கிலாந்து கால்பந்து அணித் தலைவராக இருந்த கெவின் கீகனும் ஓடினார். தடகளத்தில் வெளிப்படையாகப் பணம் வாங்க அன்று அனுமதி இல்லை. விதிப்படி பார்த்தால் முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் ஒரே வகை அமெச்சூர்கள். அந்த நிலை அதிக நாள் நீடிக்கவில்லை. 1990களில் இங்கே ஓட வந்த கென்யர்களும் எத்தியோப்பியர்களும் இதைத் தொழிலாகச் செய்தவர்கள். 1992ல் முதலாவது உலக அரை மராத்தான் சாம்பியன்ஷிப் இதே சாலையில் நடந்தபோது கென்யாவின் பென்சன் மஸ்யாவும் ஸ்காட்லாந்தின் லிஸ் மெக்கோல்கனும் வென்றார்கள். 2014 முதல் 2019 வரை ஆறு ஆண்டும் ஆண்களில் வென்றவர் பிரிட்டனின் மோ ஃபாரா.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். நகரின் மேட்டில், டவுன் மூர் புல்வெளிக்குப் பக்கத்தில், வழக்கமாக வண்டிகள் மட்டுமே போகும் விரைவுச் சாலையில் ஓட்டம் கிளம்புகிறது. சுரங்கப் பாதைகளுக்குள் நுழையும்போது ஆயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்துகின்றன, எதிரொலி கான்கிரீட் சுவரில் மோதித் திரும்புகிறது. இரண்டாவது மைலுக்குள் டைன் பாலம். 1928ல் திறந்த அந்தப் பச்சை இரும்பு வளைவின் கீழே மனிதர்கள் நிறைந்து வழியும் நேரத்தில், ரெட் ஆரோஸ் சாகச விமானங்கள் வண்ணப் புகை விட்டுக்கொண்டு தாழப் பறக்கும். பிறகு கேட்ஸ்ஹெட், ஃபெல்லிங், ஹெப்பர்னின் விளிம்பு. இந்த நடுப்பகுதியில் அழகு எதுவும் இல்லை. புறவழிச் சாலை, ரவுண்டானா, ஏற்றம், மீண்டும் ஏற்றம். கடல் எங்கே என்று தெரியாது. பத்தாவது மைலுக்கு மேல் ஜான் ரீட் ரோட்டின் நீண்ட ஏற்றத்தில்தான் பலரும் நடக்கத் தொடங்குவார்கள்.

அங்கே ஓட்டத்தைத் தூக்கிப் பிடிப்பது வாசலில் நிற்கும் ஜனங்கள். வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டு, ஆரஞ்சுப் பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டு, ஐஸ் குச்சிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு, தோட்டத்துக் குழாயைச் சாலைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நிற்பார்கள். பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கும், ஓடுகிறவர்கள் அத்தனை கையையும் தட்டிக்கொண்டு போக வேண்டும். மார்பில் ஒட்டிய எண் சீட்டில் பெயரும் அச்சாகியிருக்கும் என்பதால் முன்பின் தெரியாதவர்கள் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். தெரிந்தவர் அழைத்தால்கூட வராத தெம்பு அதில் வரும். யாரும் இவர்களை ஏற்பாடு செய்யவில்லை, சம்பளமும் இல்லை.

பன்னிரண்டாவது மைலை நெருங்கும்போது சாலை திடீரென்று சரிகிறது. எதிரே முழு அகலத்துக்கும் வடகடல். சரிவு முடிந்ததும் இடப்பக்கம் திரும்பினால் கடைசி மைல், கடலோரமாகவே. தண்ணீரைப் பார்த்ததும் முடிந்துவிட்டது என்று மனம் சொல்லும், கால்களுக்கோ இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் பாக்கி. எதிர்க்காற்று வேறு. முதல்முறை ஓடுகிறவர்களை அந்தக் கடைசி மைல் வதைப்பதுபோல வேறெதுவும் வதைப்பதில்லை. ‘தி லீஸ்’ எனப்படும் கடற்கரைப் புல்வெளிக்கு அருகே முடிவுக்கோடு.

அந்தக் கடலோரமும் உழைப்பாளிகளின் இடமாக இருந்ததுதான். சவுத் ஷீல்ட்ஸின் வெஸ்டோ சுரங்கத்தில் நிலக்கரிப் படுகைகள் கடலுக்கு அடியிலும் நீண்டு போயின. 1993ல் அது மூடப்படும்வரை, ஞாயிறு பிற்பகலில் கரையில் ஓடியவர்களில் சிலர் திங்கள் காலை அதே கடலுக்குக் கீழே வேலைக்குப் போனவர்கள். தெற்கே தெரியும் சவுட்டர் கலங்கரை விளக்கம் 1871ல் எழுந்தது, மாறுதிசை மின்சாரத்தில் எரிவதற்கென்றே கட்டிய முதல் கலங்கரை விளக்கம் அது. ஏமன் நாட்டு மாலுமிகள் குடியேறிய துறைமுகமும் சவுத் ஷீல்ட்ஸ்தான். 1977ல் முகமது அலி இங்கே வந்து பள்ளிவாசலில் தன் திருமணத்துக்கு ஆசி பெற்றுப் போனார்.

எல்லா ஆண்டும் கொண்டாட்டமாக முடிந்ததில்லை. 2005ல் வெயில் கடுமையாக இருந்த நாளில் நான்கு பேர் இந்த ஓட்டத்தில் இறந்தார்கள். அரை மராத்தான் யாரும் ஓடக்கூடியது என்ற நம்பிக்கையோடு சேர்த்து அதையும் சொல்லியாக வேண்டும். மெதுவாகப் பழகாமல், மருத்துவரைப் பார்க்காமல், வெயிலை மதிக்காமல் 21 கிலோமீட்டர் ஓடுவது விளையாட்டல்ல. லிடியார்ட் அந்தக் காலத்து நோயாளிகளிடம் கண்டிப்பாகச் சொன்னதும் மெதுவாகப் போவதைத்தான்.

அவர் விதைத்தது தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்திருக்கிறது. சென்னையின் முன்னாள் மேயரும் 2021ல் மாநில சுகாதாரத் துறை அமைச்சரானவருமான மா. சுப்பிரமணியன் நீரிழிவு உள்ளவர். சாலை விபத்தில் காலில் பலத்த அடிபட்டவர். ஐம்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கி நூறுக்கும் அதிகமான அரை மராத்தான்களை முடித்திருக்கிறார். விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டே அலுவலகக் கதை பேசும் நடுவயதுக்காரர்கள், ஆக்லாந்துச் செருப்புத் தொழிலாளி வகுத்த அதே அளவுகோலில்தான் ஓடுகிறார்கள்.

2014ல் கிரேட் நார்த் ரன்னின் முடிவுக்கோட்டைப் பத்து லட்சமாவது ஆள் கடந்தார். 2020ல் பெருந்தொற்றால் ஓட்டம் நடக்கவில்லை. 2021ல் ஒரே ஒரு முறை பாதையை மாற்றினார்கள். நியூகாசிலில் தொடங்கி நியூகாசிலுக்கே திரும்பும் பாதை. டைன் பாலத்தை இரண்டு முறை கடந்தார்கள், கடலைப் பார்க்கவில்லை. 2022ல் மறுபடியும் சவுத் ஷீல்ட்ஸ்.

2025ல் ஓடி முடித்தவர்கள் கழுத்தில் விழுந்த பதக்கத்தை உற்றுப் பார்த்தார்கள். அதில் பொறித்திருந்த வரைபடம் டைன் நதியுடையது அல்ல, பக்கத்து ஊரான சண்டர்லாந்தின் வியர் நதியுடையது. சட்டையிலும் அதே படம். கால்பந்து மைதானத்தில் நியூகாசிலும் சண்டர்லாந்தும் எப்படி மோதிக்கொள்ளும் என்பது தெரிந்தவர்களுக்கு அன்றைய பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.